உத்தமன் பார்த்த பதினெட்டு மண்டபங்கள்

2003-ஆம் வருஷம் ஜனவரியில் தொடங்கி ஆகஸ்ட் வரைக்கும் நானும் என் வீட்டுக்காரரும் பெங்களூரில் பதினேழு மண்டபம் பார்த்தோம். போன இடத்தில் எல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான். "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" எங்கள் மகள் வைஷ்ணவிக்கு அப்போது எட்டு வயது. காமிக்ஸ் படிக்கிறவர்கள் ஒரு நாள் கூடிப் பேசுவதற்கு என்று இவர் விளக்குவார். மேனேஜர் உடனே என் முகத்தைப் பார்ப்பார், வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லையா என்பதுபோல. நான் மின்விசிறிகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

என் வீட்டுக்காரர் பெயர் உத்தமன். பெயருக்கு ஏற்ற மனிதர்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர். திருப்பத்தூரில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு 1990-இல் பொம்மசந்திராவில் ஒரு வால்வு கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்கு வந்தார். அடுத்த வருஷ டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது, பேச்சிலர் அறையைப் பூட்டிக்கொண்டு ஓசூர் வரைக்கும் நடந்தே போனாராம். பனியனுக்குள் நாலு காமிக்ஸ் புத்தகம். சம்பளப் பணத்தை அறையிலேயே விட்டுவிட்டுப் போனதாக அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது.

தொண்ணூற்று மூன்றில் கல்யாணம். பத்து வருஷத்தில் ஆறு வீடு மாற்றினோம், ஆறும் பொம்மனஹள்ளிக்குள்ளேயே. ஒரு வீட்டில் வெளிச்சம் போதாது, இன்னொன்றில் குழாய் சொட்டும் சத்தம். சாப்பிட உட்கார்ந்தால் நடுவில் எழுந்து ஜன்னல் கொக்கியைத் திருகுவார். நான் கார்மெண்ட்ஸில் செக்கர். அவர் வால்வில் பிசிறு தேடுவார், நான் சட்டையில் பிசிறு தேடுவேன், வீட்டுக்கு வந்தால் ஒருவரிடம் ஒருவர் தேடுவோம். அவரை ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார வைத்தது ஒரே ஒரு பொருள்தான். தெற்கே ஏதோ ஓர் ஊரில் அச்சாகி மாதாமாதம் வரும் தமிழ்க் காமிக்ஸ்.

தொண்ணூற்றெட்டு ஐப்பசியில் நாங்கள் கீழ் வீட்டில் இருந்தோம். ஒரு சாயங்காலம் பெய்த மழையில் ராஜகால்வாய் பொங்கி, சாக்கடைத் தண்ணீர் முழங்கால் வரைக்கும் உள்ளே வந்துவிட்டது. நான் வைஷ்ணவியைத் தூக்கிக்கொண்டேன். அவர் அரிசி மூட்டையையும் சர்டிபிகேட் பையையும் தூக்கினார். கட்டிலுக்கு அடியில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருந்த புத்தகங்கள் அவர் மூன்றாவதாகக் குனிந்தபோது ஊறிப்போயிருந்தன. முந்நூறுக்கு மேல். மறுநாள் மொட்டைமாடியில் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துப் பார்த்தார், ஒன்றும் பிரியவில்லை. அதிலிருந்து அவருக்கு ஒரு சட்டம் உண்டு: காகிதம் என்று ஒன்று இருந்தால் அது மாடியில்தான் இருக்க வேண்டும்.

அந்தக் காமிக்ஸில் கடைசி இரண்டு பக்கம் வாசகர் கடிதம். அதில் எழுதுகிறவர்களுக்கு ஊர்தான் இனிஷியல். என் வீட்டுக்காரர் 'பொம்மனஹள்ளி உத்தமன்'. சேலத்தில் ஒரு வைத்தீஸ்வரன், ஓசூரில் ஒருவர், கிருஷ்ணகிரியில் இரண்டு பேர். யாரும் யாரையும் பார்த்தது கிடையாது. ஆனால் யாருக்கு எந்தக் கதாநாயகன் பிடிக்கும், யார் யாரோடு மூன்று வருஷமாகச் சண்டை என்பது எல்லோருக்கும் தெரியும். இவர்கள் எல்லோரும் முதலில் திருப்பிப் படிப்பது 'லிங்கராஜபுரம் தியோடர்' கடிதத்தை.

தியோடர் எழுதுவது கதையைப் பற்றி அல்ல, பழைய புத்தகம் தேடி நடப்பதைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவென்யூ ரோட்டில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடைபாதைக் கடைகளைத் துழாவிக்கொண்டு போவது. எந்தச் சந்தில் எந்தக் கடைக்காரர் வெற்றிலை போடுவார், எந்தக் குவியலுக்கு அடியில் என்ன கிடந்தது, வெயில் ஏறி எப்படிக் கால் கொப்பளித்தது. 'ஞாயிறு வேட்டை' என்று ஆசிரியரே அதற்குத் தலைப்புப் போடுவார். சட்டையில் பிசிறு தேடும் எனக்கே அதைப் படித்தால் ஒரு நடை போய்விட்டு வரலாம் போலிருக்கும்.

தியோடர் தன் வீட்டிலேயே எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். இவர் கம்பெனி வாசல் காயின் போனிலிருந்து வாரம் ஒரு முறை பேசுவார். "சார், சார்" என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றி. நேரில் மட்டும் சந்திக்கவே இல்லை. இவருக்கு ஆறு நாள் ஷிப்ட், ஞாயிறு அவருக்கு வேட்டை. தொண்ணூற்றாறில் ஒரு முறை அவென்யூ ரோட்டு முனையில் பத்து மணிக்குப் பார்ப்பது என்று பேசி வைத்தார்கள். பஸ் சில்க் போர்டு நெரிசலில் மாட்டிக்கொண்டு இவர் பத்து நிமிஷம் தாமதமாகப் போனார். ஒரு மணி வரைக்கும் அந்தத் தெருவில் மேலும் கீழும் நடந்துவிட்டு வந்தார். 'காத்திருந்தேன், காணவில்லை, புறப்பட்டுவிட்டேன்' என்று தியோடரிடமிருந்து கார்டு வந்தது. இவர் மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் எழுதினார். அந்தப் பஸ் டிரைவரை ஒரு வருஷம் திட்டினார்.

2002 கடைசியில் ஆசிரியர் ஒரு வரி போட்டார்: 'பெங்களூர்ச் சுற்று வட்டார வாசகர்கள் ஒன்றுகூட விரும்பினால் பொம்மனஹள்ளி உத்தமனைத் தொடர்பு கொள்ளலாம்.' அறுபது கடிதம் வந்தது. அறுபதிலும் ஒரே கேள்வி: தியோடர் வருவாரா?

அப்படித்தான் மண்டப வேட்டை தொடங்கியது. டி.வி.எஸ். ஐம்பதில் ஒவ்வொரு ஞாயிறும் கிளம்புவோம். உள்ளே நுழைந்ததும் சுவரில் உள்ளங்கையை வைத்து ஈரம் பார்ப்பார். கூரையில் ஒழுகிய கறை தேடுவார். மூலையில் குனிந்து மோந்து பார்ப்பார். சேலம் பஸ்ஸில் வருகிறவர் எங்கே இறங்கி எப்படி வருவார், சாயங்காலம் எப்படித் திரும்புவார் என்று வாய்க்குள் கணக்குப் போடுவார். வில்சன் கார்டனில் ஒன்று பிடித்தது, மறுநாள் காலையில் பிடிக்கவில்லை. சிவாஜிநகரில் ஒன்றுக்குச் சரி என்று தலையாட்டிவிட்டு, வண்டி கண்டோன்மென்ட் தாண்டுவதற்குள் வேண்டாம் என்றார். கீழ்த்தளம் என்றால் உள்ளேயே போக மாட்டார். ஓர் இடத்தில் தமிழ் பேனர் வெளியே தெரியக் கூடாது என்றார்கள். அதற்கு இவர் சம்மதித்தார், ஆனால் பல்லி இருக்கிறது என்று நிராகரித்தார்.

ஏப்ரலில் நான் கம்மனஹள்ளியில் அக்கா வீட்டுக்குப் போனேன். "லிங்கராஜபுரம் பக்கத்துலதான் சாந்தா, இந்தப் பார்சலைத் தியோடர் சார் வீட்ல குடுத்துடு. இல்லன்னா பூத்துல யாராவது இருப்பாங்க" என்று இவர் கொடுத்தனுப்பினார். நான் போனேன்.

மஞ்சள் போர்டு போட்ட பூத், வீட்டின் முன் அறையிலேயே. மேஜைக்குப் பின்னால் கட்டம் போட்ட சட்டையில் நாற்பது வயதுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"லோக்கலா எஸ்.டி.டி.யா, சிஸ்டர்?"

"தியோடர் சாரைப் பாக்கணும். பொம்மனஹள்ளி உத்தமன் வீட்லேர்ந்து வரேன்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. என் கண் அதற்குள் அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்த இரண்டு கக்கத்துக் கட்டைகளைப் பார்த்துவிட்டது. மேஜைக்கு அடியில் இரும்புப் பட்டை போட்ட கால்கள். நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

"மூணு வயசுல போலியோ" என்றார். "அது ஒண்ணும் இல்ல சிஸ்டர், இந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் இந்த பூத்தே எனக்குக் குடுத்தாங்க. ஆனா புக்ல வர்ற தியோடருக்குக் கால் இருக்கு. பதினாலு வருஷமா நடக்கறான்."

"நடக்கறது நானு" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். காபி டம்ளரோடு வந்தவர் அவருடைய அக்கா அன்னம்மாள். "ஞாயித்துக்கெழமை சர்ச்சுல முதல் பூசை முடிஞ்சதும் சீட்டு எழுதிக் கைல குடுத்துடுவான். போய் வாங்கிட்டு வந்து ஒவ்வொரு கடையாச் சொல்லணும். எந்தக் கடை வாசல்ல நாய் படுத்திருந்துச்சுன்னு கூடக் கேப்பான்மா."

வெயிலில் கால் கொப்பளித்தது இந்த அம்மாளுக்கா என்று நினைத்து அவர் பாதத்தைப் பார்த்தேன்.

தியோடர் அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு அந்தக் கூட்டத்துக்கு வரணும் சிஸ்டர். உத்தமன் சார் போன் பண்ணி ஒவ்வொரு ஹாலாச் சொல்றாரு, எல்லாம் மாடி. கீழ் ஹாலா இருந்தா எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி போயி ஒரு மேஜைக்குப் பின்னாடி உக்காந்துடுவேன். உக்காந்துட்டா நானும் மத்தவங்களும் ஒண்ணுதானே. எல்லாரும் போனப்புறம் எந்திரிப்பேன். ஹால் லிங்கராஜபுரத்துல மட்டும் வேணாம், வழியில போறவன் எவனாவது கால் எப்படி இருக்குன்னு கேப்பான்."

"அவர்கிட்டயே சொல்லிடலாமே அண்ணா."

"வேணாம். அவரு நல்லவரு. பாவம்னு சொல்லிடுவாரு."

சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். இன்றைக்கும் யோசித்தால் அந்தக் காபியைக் குடித்திருக்கவே கூடாது என்று தோன்றுகிறது.

அதிலிருந்து நான் கீழ்த்தளக் கட்சி. "வயசானவங்க வருவாங்க, படி ஏற முடியாது" என்றேன். "எவனுக்கு வயசாச்சு? எல்லாம் முப்பது நாப்பது" என்றார். "சாம்பார் அண்டாவை யார் மாடிக்கு ஏத்தறது?" என்றேன். "நான் ஏத்தறேன்" என்றார். பிறகு நின்று என்னை முறைத்தார். "தொண்ணூத்தெட்டுல நீயும்தானே பாத்த? அறுபது பேரு வீட்லேர்ந்து உசிரு மாதிரி புக் கொண்டாருவாங்க. மழைக்காலம். ஒரு டப்பா நனைஞ்சாலும் நான் எந்த மூஞ்சியோட நிப்பேன்?" அவர் சொன்னதும் நியாயம்தான், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆகஸ்டில் பதினேழாவது மண்டபம். அவென்யூ ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஜவுளிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. முப்பத்தெட்டு படி, ஏணி போலச் செங்குத்து. மூச்சு வாங்க நான் மேலே வந்தபோது இவர் ஜன்னலைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். கீழே பழைய புத்தகக் கடைகள் வரிசையாகத் தெரிந்தன.

"இதான் சாந்தா. இது தியோடர் சாரோட ராஜ்ஜியம். காலைல ஏழு மணிக்கு எல்லாரும் முனையில கூடறோம். அவரு முன்னாடி நடக்கறாரு, நாங்க பின்னாடி. மூணு மணி நேரம் வேட்டை. அப்புறம் நேரா இங்க."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. ஒரு மனிதனுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று எட்டு மாதம் அலைந்து, அவனை எங்கே உதைத்தால் எலும்பு முறியுமோ அங்கே கொண்டுபோய் மாலையைப் போடுகிறாரே என்று எனக்குத் தோன்றியது. வேறு யாருக்கும் இப்படி ஒரு யோசனை வராது. கடிதத்தைப் படித்தே ஒருவனைக் கண்ணால் கண்டுவிட்டதாக நினைக்கிற இந்தக் கூட்டத்துக்குத்தான் வரும். நான் வாயைத் திறப்பதற்குள் அறுபது போஸ்ட் கார்டு எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டார். செப்டம்பர், மஹாளய பட்சத்து ஞாயிறு. கல்யாணம் இல்லாத நாள் என்பதால் மண்டபம் எளிதில் கிடைக்கும் என்று நாளைப் பார்த்து வைத்தவரும் அவர்தான்.

நாலு நாள் கழித்துக் கார்மெண்ட்ஸ் வாசல் பூத்திலிருந்து லிங்கராஜபுரத்துக்குப் போன் செய்தேன்.

"கார்டு வந்துச்சு சிஸ்டர்" என்றார் தியோடர் அண்ணன். "அன்னைக்கு எனக்கு ஜுரம். ஜுரம்னு நீங்களே சொல்லிடுங்க." பிறகு, "இடம் நல்லாத்தான் செலக்ட் பண்ணிருக்காரு. அவரு மேல தப்பே இல்ல" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் வாக்கை உடைத்தேன். இவர் நின்றுகொண்டே கேட்டார். பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபப்பட்டார்.

"அப்ப தொண்ணூத்தாறுல? அவன் வரவே இல்லையா? பத்து நிமிஷம் லேட்டாப் போயிட்டோம்னு ஏழு வருஷமா நான் செத்துக்கிட்டு இருக்கேன். மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் எழுதினேன் சாந்தா. அதை வாங்கிப் படிச்சுட்டுச் சும்மா இருந்திருக்கான்."

"சார்" எல்லாம் போய் "அவன்" ஆகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அடுத்த இரண்டு நாளும் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மறுபடி கிளம்பிவிட்டார். ஓசூர் ரோட்டில் நடக்கிறார் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். நான் சொல்லாமல் விட்டிருக்கலாமா, முன்னாலேயே சொல்லியிருக்கலாமா என்று எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. தையல் பிரிந்த சட்டை மூன்றை அந்த வாரம் பாஸ் பண்ணிவிட்டேன்.

மூன்றாம் நாள் வந்து, "மண்டபம் மாத்திட்டேன்" என்றார்.

பதினெட்டாவதை அவர் தனியாகவே பார்த்துவிட்டு வந்திருந்தார். பொம்மனஹள்ளியிலேயே, முனிராஜ் என்பவருடைய கல்யாண மண்டபம். மேலே முகூர்த்த ஹால், கீழே சாப்பாட்டு ஹால். இவர் கேட்டது சாப்பாட்டு ஹாலை. 'அதே ரேட்டுக்கு மேல்கடே ஹால் தரேன், ஃபேன் ஜாஸ்தி, யாக்கே பேடா, ஏன் வேணாம்?' என்று முனிராஜ் கெஞ்சினாராம்.

"நடை?"

"ரத்து. எனக்குக் கால் பிசகிடுச்சுன்னு கார்டுல எழுதிட்டேன்."

"உங்களுக்கா?"

"வேற எப்படி ரத்து பண்றது? தியோடருக்கு ஜுரம்னு சொன்னா அறுபது பேரும் ஆரஞ்சு வாங்கிக்கிட்டு லிங்கராஜபுரத்துக்கே போயிடுவானுங்க. எனக்குக் கால் போனா எவனும் கவலைப்பட மாட்டான்." கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். "நான் அன்னைக்குப் பூரா உக்காந்திருந்தா அவரு உக்காந்திருக்கறது யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட நீ சொல்லாத."

"அவர்" திரும்பி வந்துவிட்டது. ஆனால் ஒரு பக்கம் அவருடைய ரகசியம், மறு பக்கம் இவருடைய ரகசியம் என்று இரண்டு ஆண்பிள்ளைகள் என் தலையில் மூட்டை ஏற்றியிருந்தார்கள்.

அந்த ஞாயிறு ஏழரைக்கே ஆட்டோ வந்தது. அன்னம்மாளும் நானும் தியோடர் அண்ணனை மூலை மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்தோம். தரை வரைக்கும் தொங்கும் மேஜை விரிப்பு. கட்டைகள் அதற்கு உள்ளே. புதுச் சட்டை, தலையில் எண்ணெய். "சிஸ்டர், சாதாரணமாத் தெரியறேனா?" என்று கேட்டார். ஹீரோ மாதிரி இருக்கிறீர்கள் என்றேன்.

எட்டரைக்கு என் வீட்டுக்காரர் இடது காலில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி நொண்டிக்கொண்டு வந்தார். நடிப்பு கொஞ்சம் கூடுதல்தான். இத்தனை வருஷப் பழக்கம், முதல் பார்வை. இரண்டு பேருக்கும் பேச்சு எழவில்லை.

"சார்" என்றார் இவர்.

"சார்" என்றார் அவர். "கால் எப்படி இருக்கு சார்?"

"உக்காந்தே இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு சார்."

"உக்காருங்க சார், உக்காருங்க" என்று தியோடர் அண்ணன் பக்கத்து நாற்காலியைக் கையாலேயே இழுத்துப் போட்டார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள், விடவில்லை.

ஐம்பத்திரண்டு பேர் வந்தார்கள். துணிப்பை, பிஸ்கட் அட்டைப் பெட்டி, சூட்கேஸ் எல்லாம் நிறையப் புத்தகம். வந்தவர்கள் நேராக மூலை மேஜைக்குத்தான் போனார்கள். தியோடர் அண்ணன் பேசினார், கேட்டார், சிரித்தார், மூன்று பேருக்கு நடுவில் எட்டு வருஷச் சண்டை ஒன்றைத் தீர்த்து வைத்தார். சேலம் வைத்தீஸ்வரன், பேங்க்கில் கேஷியர், "அந்த முனைக் கடைப் பெரியவர் இன்னும் வெத்தல போட்டுக்கிட்டு இருக்காரா சார்?" என்று கேட்டார். தியோடர் அண்ணன் ஒரு நொடி விழித்தார். "அவரு போன வருஷமே தவறிட்டாரு, இப்ப மருமகன் உக்கார்றாரு" என்று சாம்பார் வாளியோடு போய்க்கொண்டிருந்த அன்னம்மாள் சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "எங்க அக்கா, கூட வரும்" என்றார் தியோடர் அண்ணன்.

என் வீட்டுக்காரர் பாடுதான் பார்க்க முடியவில்லை. மைக் கரகரத்தது, அவர் எழக் கூடாது. பேனர் ஒரு பக்கம் அவிழ்ந்தது, எழக் கூடாது. சாப்பாட்டுப் பந்தி கோணலாகப் போட்டார்கள், எழக் கூடாது. மேஜைக்கு அடியில் அவருடைய முழங்கால் தையல் மிஷின் ஊசி போல ஆடிக்கொண்டே இருந்தது. நான் பக்கத்தில் போகும்போதெல்லாம் "சாந்தா, அந்த ஜன்னல்" என்பார், "சாந்தா, அந்த ஒயர்" என்பார். நெற்றியெல்லாம் வியர்வை. பாதி நாள் கடந்தது.

மூன்று மணிக்கு வானம் இருண்டது. மூன்றேகாலுக்கு மழை. பொம்மனஹள்ளி மழையைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், கால் மணி நேரம் போதும். வாசல் படியில் முதலில் நுரை வந்தது, பிறகு பழுப்பு நிறத் தண்ணீர், பிறகு அது ஹாலுக்குள் ஒரு நாக்கை நீட்டியது. சுவரோரம் தரையில் இருபது முப்பது அட்டைப் பெட்டிகள்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். எழுந்தார் என்று சொல்வது தப்பு, பாய்ந்தார். இரண்டு காலும் தரையில் அழுந்த ஐந்தாறு எட்டில் ஹாலைக் கடந்து, ஒரே நேரத்தில் இரண்டு பெட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்து, "தூக்குங்கப்பா, எல்லாத்தையும் தூக்குங்க" என்று கத்திக்கொண்டே நாலு பெட்டியை ஏற்றிவிட்டார். மற்றவர்களும் ஓடி வந்தார்கள். அந்தக் களேபரத்தில் யாரும் அவர் காலைப் பார்க்கவில்லை. ஒரு பெட்டியும் நனையவில்லை. கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. மூலை மேஜையைப் பார்த்தார். ஹாலில் இருந்த ஐம்பது பேரில் உட்கார்ந்திருந்தவர் தியோடர் அண்ணன் ஒருவர்தான். அவர் இவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் நொண்டிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். நொண்டியது வலது கால். எனக்கு அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தியோடர் அண்ணன் பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை இவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஐந்தரைக்குள் மழை விட்டது, சேலம் பஸ்காரர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். முனிராஜ் சாவிக்கொத்தோடு வந்து நின்றார். நான் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். இரண்டு நாற்காலியில் இரண்டு பேர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க கெளம்புங்க சார், உங்களுக்குத் தூரம்" என்றார் இவர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"நீங்க போங்க சார். எனக்கு ஆட்டோ இருக்கு" என்றார் அவர்.

"நான் மெதுவாப் போறேன் சார். கால் வேற இப்படி இருக்கு."

"எந்தக் கால் சார்?"

இவர் குனிந்து பேண்டேஜைப் பார்த்தார். முனிராஜ் ஒவ்வொருவராகப் பார்த்தார். தியோடர் அண்ணன் என்னையும் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அக்கா" என்று கூப்பிட்டார். "அதை எடு."

அன்னம்மாள் விரிப்பைத் தூக்கிக் கட்டைகளை எடுத்துக் கொடுத்தார். காலில் இருந்த இரும்புப் பட்டைகளை ஒவ்வொன்றாக நீட்டிப் பூட்டினார் தியோடர் அண்ணன். டக், டக் என்று அந்தக் காலி ஹாலில் சத்தம் கேட்டது. கட்டைகளைக் கக்கத்தில் வைத்து, மேஜையைப் பிடித்து, முகம் சிவக்க, என் வீட்டுக்காரருக்கு நேர் எதிரில் எழுந்து நின்றார். உட்கார்ந்திருந்தபோது இருந்ததைவிட உயரம் குறைவாகத் தெரிந்தார்.

"இப்படித்தான் சார் நான்" என்றார். "நீங்க எந்திரிங்க. பேண்டேஜைக் கழட்டுங்க, காலைலேர்ந்து உங்களுக்கு உசிரே போயிருக்கும்."

என் வீட்டுக்காரர் எழுந்தார். குனிந்து பேண்டேஜை அவிழ்க்க ஆரம்பித்தவர் நிமிரவே இல்லை. அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தால் தெரியட்டும் என்று நானும் அழுதேன்.

வாசல் வரைக்கும் இருவரும் சேர்ந்தே போனார்கள். ஈரத் தரையில் கட்டை வழுக்கும், அதனால் மெதுவாக. இவர் கையைக் கொடுக்கவில்லை, முன்னால் இருந்த ஈர அட்டைகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டே போனார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு தியோடர் அண்ணன் தலையை வெளியே நீட்டினார்.

"அடுத்த வருஷம் கீழ வேணாம் சார். பாத்தீங்கல்ல, இன்னும் பத்து நிமிஷம் பெஞ்சிருந்தா எல்லாம் போயிருக்கும். அந்த அவென்யூ ரோட்டு மாடியே போடுங்க."

"முப்பத்தெட்டு படி சார்" என்றார் இவர்.

"ரெண்டு பேரு தூக்கினாப் போதும். நான் வெயிட் இல்ல."

ஆட்டோ கிளம்பியது. என் வீட்டுக்காரர் கையில் பேண்டேஜைச் சுருட்டிக்கொண்டு, தண்ணீரில் நின்றபடி, தலைப்பக்கம் ஒருவர், கால்பக்கம் ஒருவர் பிடித்தால் அந்த மாடிப்படித் திருப்பத்தில் எப்படித் திரும்புவது என்று என்னிடம் கேட்டார். நான் கால்பக்கம் பிடிக்கிறேன் என்றேன்.